கசிகிற தையலுக்கு என் கடை விலாசமல்ல

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் யாருக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறார்கள் என்பதை வாக்கர் விற்பனையை வைத்தே சொல்லிவிடுவேன். முதலில் வாக்கர் போகும். கூடவே, குத்துக்காலிட்டு உட்காரக் கூடாதவர்களுக்கான கமோடு நாற்காலி. அப்புறம் வலி மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கால்சியம். சில வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து கைத்தடி கேட்டு வந்தால் எல்லாம் நல்லபடி என்று அர்த்தம். பஞ்சு, காஸ் துணி, பிளாஸ்திரி என்று மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டே இருந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை.

திருத்தணியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மலைக்கு வருகிற கூட்டம் வாங்குவது தலைவலித் தைலமும் வாந்தி மாத்திரையும்தான். உண்மையான வாடிக்கையாளர்கள் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் பக்கத்துத் தறிக்காரர்கள், கரும்பு விவசாயிகள், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுவார்கள். நானும் அப்படித்தான்.

இடுப்பு மூட்டு மாற்றுவது இப்போது பணக்கார வியாதிக்கான வைத்தியம் இல்லை. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு தறி ஓட்டுகிறவருக்கும் அது கிடைக்கிறது. 2009இல் தொடங்கி 2012இல் இப்போதைய பெயரைப் பெற்ற திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வருடம் நொண்டி நொண்டி நடந்தவர் நிமிர்ந்து நடந்து வந்து என் கடையில் சில்லறை மாற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். என் பேச்சு அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு அந்தப் புது மூட்டில் கிருமி தொற்றுகிறது. மிக நல்ல மருத்துவமனையிலும் தொற்றுகிறது.

ராஜாவுக்கே தொற்றியது. ஸ்பெயின் மன்னராக இருந்த ஹுவான் கார்லோஸுக்கு 2012 நவம்பரில் இடது இடுப்பில் செயற்கை மூட்டு வைத்தார்கள். அதில் கிருமி புகுந்தது. 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து நிபுணர் ஒருவர் மாட்ரிட்டுக்கு வந்து அந்த மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த தற்காலிக மூட்டை வைத்தார். நவம்பரில் மறுபடி திறந்து நிரந்தர மூட்டு. ஒரு நாட்டின் அரசருக்கு இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பெரிய அறுவை. அவருக்குப் பக்கத்தில் எந்நேரமும் மருத்துவர் இருந்திருப்பார். பொதட்டூர்பேட்டைக்காரருக்குப் பக்கத்தில் இருப்பது நான்தான். அதுதான் சிக்கலே.

போன ஆடிக் கிருத்திகைக்கு ஓரிரு நாள் முன்பு, ஊர் முழுக்க காவடியும் போலீஸ் தடுப்பும் இருந்த வேளையில், ஒரு பையன் வந்தான். கையில் மஞ்சப் பை, உள்ளே டிஸ்சார்ஜ் காகிதம். போனை நீட்டினான். படத்தில் தொடையின் வெளிப்பக்கம் நீளமான தையல் தழும்பு, நன்றாகத்தான் கூடியிருந்தது. கீழ்க்கோடியில் மட்டும் ஒரு விரல்நுனி அளவுக்குப் பளபளவென்று ஈரம். அடுத்த படத்தில் லுங்கி. அதில் டீ சிந்தினாற்போல வளையம்.

“அண்ணா, நைனாவுக்கு ஆபரேஷன் பண்ணி பதினெட்டு நாளாவுது. தையல் பிரிச்சாச்சு. கீழ மட்டும் தண்ணி மாதிரி வந்துகினே இருக்குது. நல்ல ஆன்டிபயாடிக்கா அஞ்சு நாளைக்குக் குடுங்க.”

“காய்ச்சல் இருக்கா தம்பி?”

“லேசா.”

“சுகர்?”

“அது எப்பவும் இருக்கறதுதானே.”

“ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட பேசினியா?”

“நம்பர் இல்லண்ணா. ஆஸ்பத்திரிக்கு அடிச்சா ஒண்ண அமுத்து, ரெண்ட அமுத்துன்னுது. அடுத்த மாசம் பதினாலாந்தேதி வரச் சொல்லிருக்காங்க.”

மாத்திரை தரவில்லை. அன்றைக்கே மெட்ராஸ் கொண்டு போ, அடுத்த மாதம் வரை காத்திருக்காதே என்றேன். அவன் முகம் போன போக்கு எனக்குப் புரிந்தது. மருந்து இருக்கிறது, தர மறுக்கிறார், ஏதோ வம்பு என்று நினைத்திருப்பான். திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் உண்டு. ஆனால் இடுப்பு மாற்றிப் பதினெட்டு நாளான மனிதரை அந்த உயரப் படியில் ஏற்ற முடியுமா? கார்தான் வைக்க வேண்டும். கார் வாடகை, ஒரு நாள் தறிக்கூலி, கூட வருகிறவரின் கூலி, அங்கே போய் டோக்கன் போட்டுக் காத்திருப்பது. இந்தப் பக்கம், என் கவுண்டரில் ஒரு அட்டை மாத்திரை. சில நூறு ரூபாய். எந்த ஏழையும் எந்தப் பக்கம் சாய்வான் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

ஆனால் அந்த ஒரு அட்டைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

செயற்கை மூட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பீங்கானும். அதில் ரத்த ஓட்டம் கிடையாது. பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டால், தங்களைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. சரவணப் பொய்கைப் படியில் பாசி பிடிக்கிற மாதிரி. மேலே தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் பாசி போகாது, தேய்த்தெடுக்க வேண்டும். மாத்திரை ரத்தத்தில் ஓடும் கிருமியைக் கொல்லும். காய்ச்சல் இறங்கும், கசிவு காயும், வீட்டில் எல்லோரும் முருகா என்று மூச்சுவிடுவார்கள். படலத்துக்குள் இருப்பது அப்படியே இருக்கும். மாத்திரை நின்ற சில நாளில் மறுபடி கசியும். மறுபடி ஒரு அட்டை, இம்முறை வேறு கடையில், வேறு பெயரில்.

இப்படி மாதங்கள் போய்விடுகின்றன. முதல் சில வாரத்துக்குள் அறுவை செய்த மருத்துவரிடம் போயிருந்தால், காயத்தைத் திறந்து கழுவி, உள்ளே கழற்றி மாட்டக்கூடிய பந்தையும் கிண்ணத்தின் உள்ளுறையையும் மட்டும் மாற்றி, எலும்போடு பொருத்திய பாகத்தைக் காப்பாற்றப் பெரும்பாலும் வழி இருக்கும். படலம் முற்றிய பிறகு அந்த வழி அடைபடுகிறது. எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் மூட்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏற்றி, பிறகு புதிது பொருத்த வேண்டும். சிலருக்கு அதுவும் முடியாமல் மூட்டே இல்லாத இடுப்போடு, ஒரு கால் குட்டையாகி நடக்க நேர்கிறது.

இன்னொரு கெடுதலும் உண்டு. அது வெளியே தெரியாது. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க, மூட்டுக்குள்ளிருந்து ஊசியால் நீர் எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். மெதுவாக வளரும் கிருமிகளுக்காக இரண்டு வாரம் வரைகூட வைத்துப் பார்ப்பதுண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால் கிருமி உள்ளே இருந்தும் பரிசோதனையில் ஒன்றும் வளராமல் போகலாம். அப்போது மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் பொறுத்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். எதிரியின் பெயர் தெரியாமல் சண்டை போட வேண்டியிருப்பதால் எல்லா மருந்தையும் சேர்த்து அடிக்கிறார்கள். சிறுநீரகம் அதற்கு விலை கொடுக்கிறது.

அந்தப் பையன் போனான். கழுவி, பந்தை மாற்றி, வைத்த மூட்டைக் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது அவன் அப்பா கைத்தடியோடு தறிக்கூடத்தில் உட்கார்ந்து நூல் அறுந்த இடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். நகரிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு அப்படி அமையவில்லை. அவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் கடை கடையாக மாத்திரை வாங்கி, கடைசியில் மூட்டையே எடுக்க வேண்டி வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது. அது பழைய விதி. 2014 மார்ச் முதல் எச்-1 என்ற தனிப் பட்டியல் வந்தது. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின், மெரோபெனம் போன்றவை அதில் உண்டு. இவற்றை விற்றால் எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பதிவேடு எல்லாக் கடையிலும் இருக்கிறது. அதில் எவ்வளவு நிஜம் என்று மருந்துக் கடைக்காரனான என்னைக் கேட்காதீர்கள். அசித்ரோமைசின் மாதிரி அதிகம் விற்கும் சில மருந்துகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

கேரளத்தில் 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று தொடங்கி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைத் தேடிப்போய்ப் பிடித்தார்கள். தமிழ்நாட்டிலும் அதைச் செய்யலாம், செய்ய வேண்டும். என் தொழில்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும். ஆனால் கடைக்காரனை மட்டும் அதட்டினால் கசிவு நிற்காது. அவன் வாசலை மூடினால் அடுத்த வாசல் எங்கே என்று காட்ட வேண்டுமே?

அந்த வாசலைத்தான் யாரும் காட்டுவதில்லை. நான் பார்க்கும் டிஸ்சார்ஜ் காகிதங்களில் உள்ளே வைத்த மூட்டின் அளவு, கம்பெனி, லாட் எண் எல்லாம் இருக்கிறது. ஒட்டிய ஸ்டிக்கர்கூட இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். கடைசியில் ‘காய்ச்சல், வலி, கசிவு இருந்தால் வரவும்’ என்று ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில். யாரை, எந்த எண்ணில், ராத்திரி பத்து மணிக்கு எப்படி என்று இல்லை. அரக்கோணம் சாலையில் போனால் மூட்டு மாற்று விளம்பரப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. மறுநாளே நடக்கலாம் என்று சிரிக்கும் ஒரு தாத்தா படத்தோடு. பதினெட்டாம் நாள் கசிந்தால் என்ன செய்வது என்று ஒரு பலகையிலும் இல்லை.

இந்த ஊருக்கு இன்னொரு தனிக் கதை உண்டு. குளியலறையில் விழுந்த கிழவியை முதலில் ஏற்றிக்கொண்டு போவது புத்தூருக்கு. ரயிலில் நகரியைத் தாண்டி வரும் ஊர். புத்தூர் கட்டு தென்னிந்தியா முழுக்கப் பெயர் பெற்றது. பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் சிம்பும். கை முறிவுக்கு அங்கே போய் நன்றாக வந்தவர்களை நானும் அறிவேன். அதைப் பற்றி வழக்காட வரவில்லை. ஆனால் முதியவர்களின் தொடை எலும்புக் கழுத்து முறிந்தால், பந்துக்குப் போகும் ரத்தக் குழாயே அறுபட்டுவிடக்கூடும். வெளியே கட்டுவது அதைச் சேர்க்காது. மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, முதுகில் புண்ணும் சிறுநீரில் கிருமியுமாக அதன் பிறகு மூட்டு மாற்றப் போகிறவர்கள், தொற்றையும் பாதி கையோடு கொண்டுபோகிறார்கள்.

அறுவைக்கு முன்னாலேயே பார்க்க வேண்டியவை இவை: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, பல்லில் சீழ் உண்டா, காலில் ஆறாத புண் உண்டா, சிறுநீரில் எரிச்சல் உண்டா. புகையிலை வாயிலிருந்தால் துப்பிவிட்டு வர வேண்டும். இதெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அறுவைக்கு முந்தின நாள் வாங்கிவரச் சொல்லும் சாமான் சீட்டில் இன்னமும் ரேசர் பிளேடு எழுதி வருகிறது. அறுக்கும் இடத்தில் பிளேடால் மழிக்கக் கூடாது, அவசியமானால் கிளிப்பரால் வெட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது. மழிக்கும்போது விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்குத் திறந்த கதவு. அறுவை முடிந்த பிறகும் தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கை நீட்டித்துக்கொண்டு போக வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. என்னிடம் வரும் சீட்டுகளில் பத்து நாள் மாத்திரை இல்லாத சீட்டு அபூர்வம். எனக்கு வியாபாரம்தான், ஆனால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கசிந்தால் வீட்டார் அதை ‘மருந்து பத்தவில்லை’ என்றுதான் புரிந்துகொள்கிறார்கள்.

மலையில் தரும் சந்தனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை நெற்றியில் இடாமல் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்பது இங்கே ஐதீகம். குடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. தையல் மேல் தடவாமலிருந்தால் சரி. தடவியும் வந்திருக்கிறார்கள்.

தொற்றைக் குறைக்க முடியும் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. இன்று உலகம் முழுக்கச் செய்யும் இடுப்பு மூட்டு மாற்றுக்கு அடித்தளம் போட்ட ஜான் சார்ன்லி. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் செய்தார். ஆரம்பத்தில் அவர் நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் தொற்று இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை, எண்ணினார். எண்ணியதால் யோசித்தார்: அறுவை அரங்கின் காற்றைச் சுத்தப்படுத்தினார், அறுவை செய்பவர்களின் மூச்சுக்காற்று வெளியே போகத் தனி உடை செய்தார். பத்தாண்டுக்குள் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். நோயாளி இறந்த பிறகு மூட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் முன்கூட்டியே சம்மதம் கேட்டு வைத்திருந்தார். வைத்த மூட்டுக்குச் சாகும் வரை, அதற்குப் பிறகும், தான் பொறுப்பு என்று நினைத்த மனிதர்.

நம் ஊரில் எண்ணுவது யார்? இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் எலும்பு அறுவைத் தொற்றுகளைக் கணக்கெடுத்துத் தர வேண்டும் என்று 2004 முதல் கட்டாயம். இங்கே தர முத்திரை வாங்கிய மருத்துவமனைகள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. காப்பீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கேட்கிற தறிக்காரருக்கு அந்தக் கணக்கு வராது. எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. டெபியூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டு. அதில் கோளாறு இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை ஆஸ்திரேலியா, இங்கிலாந்து நாடுகளின் மூட்டுப் பதிவேடுகள். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது வைக்கப்பட்டிருந்தது. பின்னர் மத்திய அரசு குழு அமைத்து ஆராய்ந்தபோது, அதை வைத்துக்கொண்டவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மூட்டின் கோளாறுக்காவது வழக்குப் போட ஒரு கம்பெனி இருந்தது. கிருமிக்கு யார்மேல் வழக்குப் போடுவது? ஆஸ்பத்திரி நோயாளியைக் கைகாட்டும், நோயாளி தலையெழுத்தைக் கைகாட்டுவார்.

ஆகவே எனக்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்றும் மருத்துவமனை, அறுவை முடிந்து 90 நாள் வரை அந்த நோயாளியின் காயம் எப்படி இருக்கிறது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். கசிவோடு வருகிறவரை அன்றே பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாவிட்டால் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். எந்தெந்த மருத்துவமனையில் எத்தனை தொற்று என்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள். சிக்கலான நோயாளிகளை எடுத்துக்கொள்ளும் அரசு மருத்துவமனையில் எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஜனங்களுக்குப் புரியும்.

காயத்தைப் பார்க்க ஆள் எங்கே என்பார்கள். ஆள் ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள்; அதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. இடுப்பு மாற்றியவர் வீட்டுக்கு இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் போய், துணியை விலக்கி, ஈரமா காய்ந்ததா என்று பார்த்து ஒரு படம் எடுத்து அறுவை செய்த இடத்துக்கு அனுப்ப எத்தனை நிமிடம் ஆகும்? திருத்தணி அரசு மருத்துவமனை இப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பார்ப்பதற்கும், சந்தேகம் இருந்தால் மாத்திரை எழுதாமல் 108இல் ஏற்றி அனுப்புவதற்கும் அங்கே முடியும். ஆந்திரக்காரர்களுக்கு அட்டை வேறு, அரசு வேறு. ஆனால் அவர்களுக்கும் திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் எலும்பு மருத்துவமனை இருக்கிறது. இரண்டு பக்கமும் போக இடம் இருக்கிறது, அனுப்பத்தான் ஆளில்லை.

கடைசியாக ஒரு சீட்டு. உள்ளங்கை அளவு போதும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. ‘இடுப்பு மாற்றிய தையலில் ஈரம் கண்டால், சிவந்தால், காய்ச்சல் வந்தால், குறைந்த வலி திரும்பக் கூடினால், எந்தக் கடையிலும் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். இந்த எண்ணுக்கு அழையுங்கள்.’ பின்னாளில் பல்லிலோ காலிலோ சீழ் வைத்தாலும் அந்தக் கிருமி ரத்தம் வழியாகச் செயற்கை மூட்டுக்குப் போகலாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். வாக்கர் விற்கும்போதே அதன் கைப்பிடியில் நான் கட்டி அனுப்புகிறேன். ஊரில் நாலைந்து கடைக்காரர்களிடம் பேசினேன். அச்சுக் கூலியைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். எண் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை மருத்துவமனைகள்தான் தர வேண்டும்.